நூற்றுக்கு நாலு வித்தியாசம்

ஒஷாவாவில் 407இல் ஏறி மேற்கே போனால், நெரிசல் இல்லாத நாளில் முக்கால் மணித்தியாலத்தில் யோர்க் பல்கலைக்கழகத்தின் கீல் வளாகத்துக்குப் போய்விடலாம். 407 பில்லுக்குப் பயந்து 401இல் போகிறவை, மேலதிக நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கோ. எங்கட ஆக்களின் பிள்ளையள் கனபேர் படிச்ச, படிக்கிற இடம் அது. கணக்கியல், சட்டம், தாதியியல், கணினி என்று ஆளுக்கொரு பக்கம் போயிருப்பினம். நாங்களும் பட்டமளிப்பு நாளில் சேலை, கோட்டு சகிதம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பம்.

அதே வளாகத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் எரிக் ஹெசல்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் எட்டு வருசமாக ஒரே ஒரு பொருளின் பருமனை அளப்பதற்குப் பாடுபட்டார்கள். பொருள், புரோத்தன். ஐதரசன் அணுவின் நடுவில் இருக்கிறதே, அதுதான். 2019 செப்ரெம்பரில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் அவர்களுடைய முடிவு வெளிவந்தது. உலகம் முழுக்க ஒன்பது வருசமாகப் பௌதிகவியலாளர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்த ஒரு பிரச்சினைக்கு அது முக்கியமான பதிலாக இருந்தது.

தமிழ்நாட்டில் படித்த வாசகர்கள் ஹைட்ரஜன், புரோட்டான், எலக்ட்ரான் என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கோ. எங்களுக்கு ஊரில் படிப்பித்தது ஐதரசன், புரோத்தன், இலத்திரன். வாயில அதுதான் வருகுது.

முதலில் அளவைப் பார்ப்பம். அணுக்களில் ஆக எளிமையானது ஐதரசன். நடுவில் ஒரு புரோத்தன், வெளியே ஒரு இலத்திரன், அவ்வளவுதான். புரோத்தனை ஒரு கடுகு என்று வைத்தால், முழு அணுவும் ஒரு உதைபந்தாட்ட மைதானத்தை விடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும். புரோத்தனின் ஆரை ஏறத்தாழ 0.84 ஃபெம்ரோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை இலட்சம் கோடி துண்டாக வெட்டினால் ஒரு துண்டுதான் ஒரு ஃபெம்ரோமீற்றர். இதுக்கு அடிமட்டமும் உதவாது, நுணுக்குக்காட்டியும் உதவாது. அந்த அணு எந்த ஒளியை உறிஞ்சுது, எந்த ஒளியை விடுகுது என்று பார்த்துத்தான் அளக்க வேணும்.

ஐதரசனை ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினால் இளஞ்சிவப்பாக ஒளிரும். அந்த ஒளியை ஒரு அரியத்தால் பிரித்தால் முழு வானவில் வராது. தனித்தனிக் கோடுகள்தான் வரும். 656 நானோமீற்றரில் சிவப்பு, 486இல் நீலப்பச்சை, 434இலும் 410இலும் ஊதாப் பக்கத்தில் இரண்டு. இலத்திரன் ஒரு படியிலிருந்து கீழ்ப் படிக்கு இறங்கும்போது விடுகிற ஒளிதான் ஒவ்வொரு கோடும். 1885இல் இந்த நாலு கோட்டையும் ஒரே சமன்பாட்டுக்குள் அடக்கியவர் யோகான் பால்மர். சுவிஸில் பாசல் நகரில் பெண்கள் பாடசாலை ஒன்றில் படிப்பித்த கணித ஆசிரியர். அப்போது அவருக்கு வயது 60. ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு இனி என்ன செய்கிறது என்று இருக்கிற வாசகர்கள் இதைக் கவனிக்கவும்.

கொடைக்கானல் போனவர்கள் அங்கே மலையில் இருக்கிற சூரிய ஆய்வகத்தைப் பார்த்திருப்பீர்கள். நூறு வருசத்துக்கு மேலாக அங்கே சூரியனைப் படம் பிடிக்கிற ஒளிகளில் ஒன்று, ஐதரசனின் அதே 656 நானோமீற்றர் சிவப்புத்தான்.

ஆனால் ஐதரசனின் பலமான கோடு எங்கட கண்ணுக்குத் தெரியாது. அது புற ஊதாவில், 121.6 நானோமீற்றரில் இருக்குது. ஹாவார்ட்டில் தியோடர் லைமன் என்பவர் 1906 அளவில் அந்தப் பகுதிக் கோடுகளைக் கண்டுபிடித்தார். அதால அதுக்கு லைமன்-அல்பா என்று பெயர். இந்த ஒளியைக் காற்றே விழுங்கிவிடும். சாதாரண கண்ணாடியும் விடாது. அதைப் பார்க்க வேணுமெண்டால் முழுக் கருவியையும் காற்று உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் வைக்க வேணும்.

சரி, ஒளிக்கும் புரோத்தனின் பருமனுக்கும் என்ன தொடுப்பு? இலத்திரன் கிரகம் மாதிரி ஒழுங்காகச் சுற்றுகிற சாமான் இல்லை. கீழ்ப் படியில் இருக்கும்போது அது இடைக்கிடை புரோத்தனுக்குள்ளேயே போய் வரும். உள்ளே இருக்கிற அந்த நேரத்தில் இழுவை கொஞ்சம் குறையும். கிணற்றுக்குள் இறங்கினால் மேலே இருக்கிற மண் எங்களைக் கீழே இழுக்காது இல்லையா, அது மாதிரி. இழுவை குறைய, அந்தப் படி ஒரு மயிரிழை உயரும். புரோத்தன் பெரிசாக இருந்தால் கூட உயரும், சின்னனாக இருந்தால் குறைய உயரும். ஆகவே படிகளுக்கு இடையிலான தூரத்தை மிகத் துல்லியமாக அளந்தால், புரோத்தனின் பருமனைக் கணக்குப் போட்டு எடுக்கலாம்.

இந்தத் துல்லியம் லேசர் வந்த பிறகுதான் கைக்கு வந்தது. ஜேர்மனியில் மியூனிக்குக்குப் பக்கத்தில் கார்ஷிங் என்ற இடத்தில் தியோடர் ஹென்ஷ் என்பவரின் குழு இதிலே பெயர் பெற்றது. 121.6 நானோமீற்றர் ஒளியோடு மல்லுக்கட்டுவது கஷ்டம். அதால அதற்கு இரண்டு மடங்கு அலைநீளம், 243 நானோமீற்றரில் புற ஊதா லேசரை எடுத்தார்கள். தண்ணீரில் கிருமி கொல்ல வைக்கிற புற ஊதா விளக்கு 254 நானோமீற்றர். கிட்டத்தட்ட அதே இனம். ஒரு பக்கத்தால் ஒரு ஒளித்துகள், எதிர்ப் பக்கத்தால் இன்னொன்று. அணு இரண்டையும் ஒரேயடியாக உறிஞ்சி முதலாம் படியிலிருந்து இரண்டாம் படிக்குத் தாவும்.

எதிரெதிராக விடுவதில் ஒரு கெட்டித்தனம் இருக்குது. அணு ஓடிக்கொண்டிருக்கும். அம்புலன்ஸ் கிட்ட வரும்போது அதன் சத்தம் கீச்சென்றும், தாண்டிப் போகும்போது தணிந்தும் கேட்கிற மாதிரி, ஓடுகிற அணுவுக்கு லேசரின் நிறம் மாறித் தெரியும். ஒரு பக்கத்து ஒளி கூடித் தெரிந்தால் மற்றப் பக்கத்து ஒளி அதே அளவு குறைந்து தெரியும். இரண்டையும் கூட்டினால் பிசகு கழிந்து போகும்.

இப்படி அளந்து 2011இல் அவர்கள் வெளியிட்ட அதிர்வெண், எங்கட ஏ/எல் பாஷையில் மீடிறன், 2,466,061,413,187,035 ஹேர்ட்ஸ். இதில் கூடினால் குறைந்தால் 10 ஹேர்ட்ஸ். பூமியிலிருந்து சூரியன் வரைக்கும் தூரம் அளந்துவிட்டு, பிழை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு என்று சொல்லுகிற மாதிரி. ஹென்ஷுக்கு 2005இலேயே நோபல் பரிசில் பங்கு கிடைத்துவிட்டது.

இவ்வளவு வடிவாக அளக்கத் தெரிந்த பிறகுதான் பிரச்சினை வந்தது.

2010 வரைக்கும் புரோத்தனின் ஆரை 0.88 ஃபெம்ரோமீற்றர் என்று புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஐதரசனின் ஒளியை அளந்தாலும், இலத்திரன்களைப் புரோத்தன் மேல் எறிந்து அவை சிதறுகிறதைப் பார்த்தாலும், அந்த எண்தான் வந்தது. 2010 ஜூலையில் சுவிஸில் ஆர்காவ் மாநிலத்தில் வில்லிகன் என்ற ஊரில் இருக்கிற பால் ஷெரர் நிறுவனத்தில் ஒரு சர்வதேசக் குழு புது முறை ஒன்றோடு வந்தது. அவர்கள் ஐதரசனில் இலத்திரனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மியூவன் என்ற துகளை வைத்தார்கள். மியூவன் இலத்திரனின் தமையன் மாதிரி. குணம் ஒன்று, பாரம் மட்டும் 207 மடங்கு. பாரம் கூடினபடியால் புரோத்தனோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். புரோத்தனுக்குள் போய் வருகிற வாய்ப்பும் பல மில்லியன் மடங்கு கூடும். ஆனால் அது ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நேரம்தான் உயிரோடு இருக்கும். அந்த நேரத்துக்குள் லேசர் அடித்து அளவை எடுக்க வேணும். எடுத்தார்கள். வந்த எண் 0.84.

0.88உம் 0.84உம். நூற்றுக்கு நாலு வித்தியாசம்.

வாசிக்கிற உங்களில் சிலர் இப்போது, இதென்ன பெரிய விசயம் என்று நினைப்பீர்கள். காய்கறிக் கடையில் நூற்றுக்கு நாலு கூடக் குறையப் போட்டால் நாங்கள் பேசாமல் வாங்கிக்கொண்டு வருவம். ஆனால் இரண்டு பக்கமும் சொன்ன பிழை எல்லை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வழியில்லை. அல்லது, மியூவனும் இலத்திரனும் புரோத்தனோடு வேறு வேறு விதமாக நடந்துகொள்ளுகின்றன. அப்படியெண்டால் இதுவரை யாரும் காணாத ஒரு புது விசை இருக்க வேணும். அதனால்தான் ஒன்பது வருசம் யாருக்கும் நித்திரை இல்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பௌதிகவியல் படித்துப் பட்டம் எடுத்தவன் இல்லை. டூரம் பகுதியில் காருக்குப் பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பகுதியில் கன வருசம் வேலை செய்தவன். என்ர வேலையே அளக்கிறதுதான். மெசினிலிருந்து வந்த துண்டைச் சுடச்சுட அளக்கக் கூடாது, 20 பாகைக்கு ஆற விட்டுத்தான் அளக்க வேணும். 100 மில்லிமீற்றர் இரும்புத் துண்டு ஒரு பாகை சூடேறினால் ஆயிரத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு நீளும். ஒரு காரின் எஞ்சினுக்கு அது போதும்.

அங்கே படித்த பாடம் ஒன்று. ஒரே துண்டை இரண்டு கருவி இரண்டு விதமாகக் காட்டினால், அதே கருவிகளால் பத்துத் தரம் திருப்பி அளப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. மைக்ரோமீற்றர் தன்ர எண்ணைத்தான் திருப்பிச் சொல்லும், மற்றது தன்ர எண்ணைத்தான் திருப்பிச் சொல்லும். பெரும்பான்மை வாக்கெடுப்பும் உதவாது. இரண்டோடும் எந்தச் சொந்தமும் இல்லாத மூன்றாவது கருவி ஒன்று வேணும்.

புரோத்தனுக்கும் முதலில் நடந்தது திருப்பி அளக்கிறதுதான். 2017இல் கார்ஷிங் குழு ஐதரசனின் வேறொரு கோட்டை அளந்தது. சின்ன எண் வந்தது, 0.83. சரி, முடிந்தது என்று எல்லாரும் மூச்சு விட, 2018இல் பாரிஸ் குழு 205 நானோமீற்றர் புற ஊதா லேசரால் முதலாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு அணுவைத் தாவவிட்டு அளந்தது. வந்தது பழைய பெரிய எண், 0.877. மியூனிக் ஒன்று சொல்ல, பாரிஸ் வேறொன்று சொன்னது.

இந்த லேசர் அளவைகள் எல்லாத்திலும் பொதுவாக ஒரு சிக்கல் இருக்குது. படியின் உயரத்தைத் தீர்மானிக்கிறவை இரண்டு. ஒன்று ரிட்பேர்க் மாறிலி என்ற எண், மற்றது புரோத்தனின் பருமன். தெரியாதது இரண்டு இருந்தால் சமன்பாடும் இரண்டு வேணும் என்று எட்டாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். அதால எப்போதும் இரண்டு கோடுகளை அளந்து, சேர்த்துத்தான் விடை எடுக்க வேணும். ஒன்றில் இருக்கிற பிசகு மற்றதுக்குள் ஊறிவிடும்.

யோர்க்கில் ஹெசல்ஸ் எடுத்த வழி வேறு. அது 1947ஐ நோக்கிப் போகிறது. அந்த வருசம் நியூ யோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லிஸ் லாம்ப், ரொபேர்ட் ரெதர்ஃபோர்ட் என்ற இரண்டு பேர், யுத்த காலத்து ரேடார் வேலையில் வளர்ந்த மைக்ரோவேவ் நுட்பத்தால் ஐதரசனைத் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் படி என்று நாங்கள் சொல்லுவது உண்மையில் ஒன்றுக்கொன்று மிகக் கிட்டவுள்ள உபபடிகள். அதில் இரண்டு ஒரே உயரம் என்று அன்றைய கோட்பாடு சொன்னது. இவர்கள் அளந்தபோது இடையில் ஏறத்தாழ 1,000 மெகாஹேர்ட்ஸ் இடைவெளி இருந்தது. லாம்ப் பெயர்ச்சி என்று அதுக்குப் பெயர். 1955இல் லாம்புக்கு நோபல் பரிசு. ஒளியும் பொருளும் எப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்கின்றன என்ற இன்றைய கோட்பாடு வளர்ந்தது அந்தச் சின்ன இடைவெளியை விளங்கப் போய்த்தான்.

அந்த இடைவெளியில் ஏறத்தாழ ஏழாயிரத்தில் ஒரு பங்கு புரோத்தனின் பருமனால் வருவது. முக்கியமான விசயம், இதை அளக்க ரிட்பேர்க் மாறிலி தேவையில்லை. மற்ற லேசர் அளவைகளோடு சொந்தம் இல்லாத மூன்றாவது கருவி இதுதான். சுவிஸில் மியூவனை வைத்து அளந்ததும் இதே இரண்டாம் படியின் இடைவெளியைத்தான். ஆக, இலத்திரனையும் மியூவனையும் ஒரே தராசில் நேருக்கு நேர் நிறுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கேட்க லேசாக இருக்கும். ஆனால் அந்த உபபடிகளில் ஒன்றின் ஆயுள் ஒரு வினாடியின் நூறு கோடியில் 1.6 பங்கு. ஆயுள் குறைந்தால் கோடு பரந்து மங்கும். அகலம் 100 மெகாஹேர்ட்ஸ். அதன் நடுப்புள்ளியை 3 கிலோஹேர்ட்ஸுக்குள் கண்டுபிடிக்க வேணும். 100 மீற்றர் அகலமான ஒரு வீதிக்கு நடுக்கோடு போடச் சொல்லி, 3 மில்லிமீற்றர் விலகக் கூடாது என்று சொல்லுகிற மாதிரி. இதற்கென்று ஒரு புது அளவை முறையை, ரொறன்ரோவில் வேலை செய்கிற அமர் வுதா என்ற பௌதிகவியலாளரும் ஹெசல்சும் 2015இல் முன்வைத்தார்கள். வேகமாக ஓடுகிற ஐதரசன் அணுக்கள் இரண்டு மைக்ரோவேவ் புலங்களைத் தாண்டிப் போகும். இரண்டின் அதிர்வெண்ணுக்கும் ஒரு சிறு வித்தியாசம் வைத்திருப்பார்கள். தாண்டி வந்தவற்றில் எத்தனை அணு எந்தப் படியில் மிஞ்சியது என்று எப்படி எண்ணுவது? ஒரு மின்புலத்தால் அவற்றைத் தட்டிவிட, கீழே விழும்போது ஒவ்வொன்றும் ஒரு புற ஊதா ஒளித்துகள் விடும். லைமன் கண்ட அதே 121.6 நானோமீற்றர். அதை எண்ணினார்கள்.

எட்டு வருச முடிவில் வந்த எண் 0.833. கூடினால் குறைந்தால் 0.010. சின்னப் புரோத்தன் பக்கம் நின்றது யோர்க். அதே வருச நவம்பரில் அமெரிக்காவில் வேர்ஜீனியாவில் இலத்திரன்களைச் சிதறடித்து அளந்தவர்களுக்கும் 0.831 வந்தது. 2020இல் கார்ஷிங்கில் பாரிஸ் அளந்த அதே முதலாம்-மூன்றாம் படித் தாவலைத் திருப்பி அளந்தபோது 0.848. தராசு சாய்ந்துவிட்டது. மியூவனும் இலத்திரனும் ஒரே மாதிரித்தான் நடக்கின்றன. புது விசை தேவைப்படவில்லை.

கவனித்தீர்களா, வில்லிகன், மியூனிக், பாரிஸ், ரொறன்ரோ. எங்கட ஆக்கள் குடியிருந்து கடை வைத்து, கோயில் கட்டி, பிள்ளையளைப் படிப்பிக்கிற ஊருகளைச் சுற்றித்தான் இந்தக் கதை நடந்திருக்குது.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. ஏஜாக்ஸில் இருக்கிற ஒரு சிநேகிதர், என்னோட ஒரே ஷிஃப்டில் வேலை செய்தவர். மகள் 12ஆம் வகுப்பு. கெட்டிக்காரி. பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல்தான் படிக்கப் போறன் என்று நிற்கிறாள்.

"அண்ணை, நீங்கள் ஒருக்கா அவளோட கதையுங்கோ. நீங்கள் சொன்னால் கேட்பாள்."

"என்ன சொல்லச் சொல்லுறீர் தம்பி?"

"உவள் ஏதோ புரோத்தனை அளந்த கதை சொல்லுறாள். எட்டு வருசம் அளந்து நூற்றுக்கு நாலு வித்தியாசம் கண்டவையாம். அண்ணை, எட்டு வருசத்தில நான் மோட்கேஜில் பாதி கட்டிட்டன். உதை அளந்து ஆருக்கு என்ன லாபம்?"

அவரைப் பகிடி பண்ண எனக்கு மனம் வரேல்லை. இரண்டு வேலை செய்து, பனிக்குள் விடிய நாலு மணிக்கு எழும்பிப் போய்ப் பிள்ளையளை வளர்த்த மனிசன். பிள்ளைக்கு ஒரு நிச்சயமான உழைப்பு வேணும் என்று கேட்கிறதில் பிழை இல்லை. அதால நான் நோபல் பரிசுக் கதை ஒன்றும் சொல்லேல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டன். "தம்பி, 401இல் ஒஷாவா தாண்டிக் கிழக்கே போகேக்க, ஏரிப் பக்கமாக என்ன தெரியும்?"

"டார்லிங்டன். அணுமின் நிலையம்."

டார்லிங்டனில் இருக்கிற நாலு உலையும் ஓடுகிறது கனநீரில். சாதாரண ஐதரசனை விட இரண்டு மடங்கு பாரமான டியூட்டீரியம் என்ற ஐதரசனால் ஆன தண்ணீர் அது. கனடாவின் உலைகளுக்குச் செறிவூட்டாத யுரேனியமே போதும் என்றால், அதுக்குக் காரணம் அந்தக் கனநீர்தான். நாலு உலையும் ஓடும்போது ஒன்ராறியோவின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கேயிருந்து வருகுது.

அந்தப் பார ஐதரசன் இருக்குது என்று உலகத்துக்கு எப்படித் தெரிய வந்தது? 1931 கடைசியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹரோல்ட் யூரி என்ற இரசாயனவியலாளர் ஐதரசனின் நிறமாலையைப் பார்த்தார். பால்மரின் அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில், 0.18 நானோமீற்றர் தள்ளி, மிக மங்கலாக இன்னொரு கோடு. 656இல் 0.18 என்றால் நூற்றுக்கு நாலு இல்லை, பத்தாயிரத்தில் மூன்று கூட வராது. அழுக்கு, பழுது, கண் மயக்கம் என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவரும் கூட்டாளிகளும் விடவில்லை. திரவ ஐதரசனை ஆவியாக்கி, மிஞ்சியதில் பார ஐதரசனைச் செறிய வைத்து, திருப்பிப் பார்த்தார்கள். மங்கல் கோடு பலத்தது. 1934இல் யூரிக்கு நோபல் பரிசு.

"நீர் வீட்டில லைட் போடுறீரே தம்பி, அதில ஒரு பங்கு அந்த மங்கல் கோட்டில இருந்து வாறதுதான்" என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு, "அது அந்தக் காலம் அண்ணை. இப்ப புரோத்தனால என்ன வரும்?" என்றார்.

அதுக்கு நான் நேர்மையாகத்தான் பதில் சொன்னேன். 1931இல் யூரியிடம் கேட்டிருந்தால் டார்லிங்டன் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். பிறகு, வேலை என்று பார்த்தாலும் பௌதிகம் படித்த பிள்ளை தெருவில் நிற்காது. புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கிற இடத்தில் கதிரின் அளவைக் கணக்குப் பார்க்கிறது மருத்துவப் பௌதிகவியலாளர்தான். ஒஷாவாவிலேயே ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்தில் அணுசக்திப் பொறியியல் தனிப் பட்டமாகவே இருக்குது. இந்த வழிகளையும் மகளோடு இருந்து பாரும் என்றேன்.

பிறகு மகள் போனை வாங்கினாள். அவளுக்கு என்னை விடக் கூடத் தெரியும். "மாமா, அன்ரிஹைட்ரஜன் பற்றித் தெரியுமோ?" என்று தொடங்கினாள். ஜெனீவாவில் சேர்ன் ஆய்வுகூடத்தில் ஐதரசனின் எதிர்ப் பொருளைச் செய்து காந்தப் பொறிக்குள் பிடித்து வைக்கிறார்கள். எதிர்ப் புரோத்தனைச் சுற்றி எதிர் இலத்திரன். 2016இல் அல்ஃபா என்ற குழு அதே 243 நானோமீற்றர் லேசரை அதன் மேல் அடித்து, சாதாரண ஐதரசன் தாவுகிற இடத்திலேயே அதுவும் தாவுகிறதைக் கண்டது. 2018இல் இலட்சம் கோடியில் இரண்டு பங்கு துல்லியத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்று காட்டினார்கள். 2021 மார்ச்சில் 121.6 நானோமீற்றர் லேசரால் எதிர் ஐதரசனைக் குளிர வைத்தார்கள். அந்த லேசரைச் செய்தது வன்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தகமாசா மொமோசேயும், டிரையம்ஃப் ஆய்வுகூடத்தின் மக்கோத்தோ ஃபுஜிவாராவும் அவர்களோடு நின்றவர்களும். கனடாக் கைவேலை.

"இரண்டும் ஒன்றெண்டால், உலகம் தொடங்கேக்க இரண்டும் சரிபாதியாய் இருந்து, ஒன்றையொன்று அழிச்சு, ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது மாமா. நாங்கள் இருக்கிறம். அப்ப எங்கேயோ ஒரு சின்ன வித்தியாசம் இருக்க வேணும்."

அவளுக்குப் பிடித்தது அந்தச் சின்ன வித்தியாசம். தகப்பன் இன்னும் முழுதாகச் சம்மதிக்கேல்லை. ஆனால் விண்ணப்பத்தில் பொறியியலுக்கு மேலே பௌதிகவியலைப் போட விட்டிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்படி ஒரு பிள்ளை உங்கட வீட்டிலும் இருந்தால், யோர்க் வளாகத்திலேயே அலன் கார்ஸ்வெல் வானாய்வகம் இருக்குது. பொதுமக்கள் தொலைநோக்கியால் பார்க்கிற இரவுகள் வைக்கிறவை. நாள், நேரம் விசாரித்துக்கொண்டு கூட்டிக்கொண்டு போங்கோ. தடிப்பான கோட்டுப் போட மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பௌதிக மாறிலிகளின் சர்வதேசப் பட்டியல் சில வருசத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். அதில் புரோத்தனின் ஆரை 2014 பதிப்பில் 0.8751 என்று இருந்தது. 2018 பதிப்பில் 0.8414. மூத்தவன் படித்து அலுமாரியில் போட்ட பழைய புத்தகத்தில் 0.88 என்று இருக்கும், இளையவளின் கணினியில் 0.84 என்று வரும். பிள்ளை இரண்டையும் கொண்டுவந்து எது சரி என்று கேட்டால், புதுசுதான் சரி என்று சொல்லி அனுப்பிவிடாதேங்கோ. ஆர் அளந்தது, எப்ப அளந்தது, எந்த முறையால் அளந்தது என்று மூன்று கேள்வியைத் திருப்பிக் கேட்டு, தேடி வரச் சொல்லுங்கோ. பிள்ளை வில்லிகனுக்கும் பாரிஸுக்கும் போய்ச் சுற்றி, கடைசியில் 407இன் மற்ற முனைக்கு வந்து சேரும்.

அடுத்த மாதம் சந்திப்பம்.